டாரோ: துருப்பிலிருந்து நாட்சீட்டு வரை

டாரோ என்பது குறி பார்க்கப் பயன்படும் படச்சீட்டுக்கட்டு. காலையில் அந்தச் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அதில் உள்ள படத்தை அன்றைய பொழுதோடு பொருத்திப் பார்ப்பது என் பல நாள் பழக்கம். பேச்சில் 'டெய்லி கார்டு' என்றுதான் வாயில் வரும். அதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேடப் போய், டாரோ என்ற பெயரின் பழைய கதைக்குள் இறங்கிவிட்டேன்.

முதலில் எழுத்து. டாரட், டேரட், டாரோட் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. கடைசி எழுத்துக்கு ஒலி இல்லை. டாரோ என்பதே சரி. பிரெஞ்சுக்கு அது இத்தாலியத்திலிருந்து போனது. அங்கே 'தரோக்கி'. அந்தப் பெயர் 1505 முதல் ஏடுகளில் தென்படுகிறது. அதன் வேர்ச்சொல் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.

'டாரோ என்றால் எகிப்திய மொழியில் அரச பாதை' என்று எங்காவது படித்திருப்பீர்கள். 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது அது. எகிப்தின் சித்திர எழுத்துகளை ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்து விளக்கியதே 1822இல்தான். எழுத்தையே படிக்கத் தெரியாத காலத்தில் சொல்லப்பட்ட பொருளை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது தரோக்கிக்கு முந்தைய பெயர். 1440இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து நோட்டரி ஒருவரின் நாட்குறிப்பில் இந்தச் சீட்டுக்கட்டு முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அவர் எழுதிய பெயர் 'திரியோன்ஃபி'. வெற்றிகள், வெற்றி உலாக்கள் என்று பொருள். குறி பார்க்கிற பேச்சே அப்போது இல்லை. அது ஒரு சீட்டாட்டம். சாதாரணச் சீட்டுகளை வெட்டும் வலிமை கொண்ட 21 படங்கள் அதில் சேர்ந்தன. கூடவே, எதையும் வெட்டாத, எதனாலும் வெட்டுப்படாத 'பேதை' ஒன்று. வெட்டும் சீட்டைத் தமிழில் என்ன சொல்கிறோம்? துருப்பு! ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்த அந்தச் சொல்லும் வெற்றியைக் குறிக்கும் அதே லத்தீன் சொல்லில் போய் முடிகிறது. (படைவீரர்களைக் குறிக்கும் துருப்பு வேறு, ஒலி மட்டும்தான் ஒன்று.) டாரோவின் முதற்பெயருக்கு உறவான சொல் நம் வாயில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கிறது.

இஸ்பேடும் இப்படித்தான். மீதி 56 சீட்டுகள் கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகை. வாளுக்கு இத்தாலியத்தில் 'ஸ்பாதே'. இஸ்பேடு என்று நாம் சொல்லும்போது அதற்குள் அந்த வாள் இருக்கிறது. காசு வகையைப் புதுக்கட்டுகளில் 'பென்டக்கிள்' என்கிறார்கள். பழைய பெயர் நாணயம்தான் என்பதால் காசு என்றே நான் எழுதுகிறேன். துருப்புப் படங்களுக்கு இன்று வழங்கும் 'மேஜர் அர்க்கானா' என்ற பெரிய பெயரும் வேண்டாம். அர்க்கானா என்றால் மறைபொருள், பேழையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அழகான சொல்தான், ஆனால் அந்த மறைபொருள் எல்லாம் பின்னால் ஏற்றியவை. பேதையையும் சேர்த்து 'துருப்பு 22' என்றாலே போதும்.

சரி, தினமும் எடுக்கும் சீட்டுக்கு வருவோம். 'தினப்பலன் சீட்டு' என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பலன் என்றால் இன்னது நடக்கும் என்று முடிவாகச் சொல்வது. என் அனுபவத்தில் சீட்டு அப்படிச் சொல்வதில்லை. ஒரு நாள் காலை வாள் நான்கு வந்தது. 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்த கட்டு. கல்லறை மேல் ஒரு வீரனின் சிலை படுத்திருக்கிறது, கைகள் மார்பின் மேல் கூப்பியபடி. மேலே சுவரில் மூன்று வாள், அடியில் கல்லோடு ஒன்று. எதுவும் அவன் கையில் இல்லை. அன்று ஒருவரிடம் போனில் சண்டை போடுவதற்காக வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். கூப்பிய அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போனை மேசைமேல் வைத்துவிட்டேன். மறுநாள் பேசினேன், பாதி வாக்கியங்கள் தேவைப்படவில்லை. இந்தச் சீட்டு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் கவனிக்காமல் விட்ட ஒன்றைக் காட்டியது, அவ்வளவுதான்.

அதற்குக் 'குறி' என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். குறி சொல்வது ஒரு பொருள். அடையாளம், இலக்கு, மனத்தில் குறித்துக்கொள்வது எல்லாம் அதே சொல்தான். குறிப்பும் குறிக்கோளும் அதில் கிளைத்தவை. அதனால் டாரோ சீட்டுக்குப் பொதுப்பெயராகக் குறிச்சீட்டு. அன்றன்று எடுப்பதற்கு நாட்சீட்டு. நாட்காட்டி, நாட்குறிப்பு போல. சீட்டு என்பதும் எளிய, நல்ல சொல். வாக்குச்சீட்டு, பயணச்சீட்டு, மருந்துச்சீட்டு என்று சின்னத் தாளில் ஒரு சேதி இருந்தால் அது சீட்டு.

அப்புறம் வினைச்சொல். 'கார்டு ரீடிங்' என்பதைச் 'சீட்டு வாசிப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். கை பார்ப்பது, ஜாதகம் பார்ப்பது, நாள் பார்ப்பது என்றுதானே நாம் சொல்கிறோம்? சீட்டுப் பார்ப்பது என்றே சொல்லலாம். தலைமாறி வருவதைக் 'கவிழ்ந்த சீட்டு' என்றால் முகம் கீழே கிடப்பதாகத் தோன்றும். 'தலைகீழ்ச் சீட்டு' தெளிவு.

என் நோட்டில் இப்போது ஒவ்வொரு பக்கமும் இப்படித்தான் தொடங்குகிறது. இன்றைய பக்கம்: 'நாட்சீட்டு: காசு இரண்டு, தலைகீழ். பின்னால் அலையில் ஆடும் கப்பல்கள்.' அதன் கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன், இரவில் எழுதுவதற்கு.