பொம்மை ஏன் பொம்மையாகவே விழுகிறது?

சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஒரு கண்டெய்னரைத் தூக்குகிறது. உள்ளே இருக்கும் வேற்றுக்கிரக ஜந்து முட்டுகிறது. கம்பி அறுந்து, 20 மீட்டர் உயரத்திலிருந்து பெட்டி தரையில் மோதுகிறது. வடசென்னையில் நடக்கும் அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றுக்கு இப்படியொரு காட்சியை எழுதுவது சுலபம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் இதைவிடக் கொடூரமாகவே கற்பனை செய்திருப்பார்கள். எடுப்பதில்தான் சிக்கல். நிஜப் பெட்டியைப் போட்டு உடைக்க யார் விடுவார்கள்?

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், 1/25 அளவில் மினியேச்சர் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 6.1 மீட்டர் நீளப் பெட்டி இப்போது 24 சென்டிமீட்டர். துருவும் நெளிவும் எழுத்தும் அச்சு அசலாக வந்துவிட்டன. 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே விட்டு, செல்போனில் எடுத்துக் காட்டினால், பக்கத்து வீட்டுப் பையன் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான்: "இன்னாண்ணா, பொம்ம மாரி வுழுது."

பெயின்டில் குறையில்லை. அவன் கண்ணில் பட்டது நேரம். 20 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 2 விநாடி ஆகும். 80 சென்டிமீட்டருக்கு 0.4 விநாடி போதும். பந்தும் கல்லும் மாங்காயும் விழுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய மூளை, விழும் நேரத்தை வைத்தே பொருளின் அளவை எடைபோட்டுவிடுகிறது. பெட்டியைச் சுருக்கலாம், கிரேனைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க வழியில்லை.

அதனால் காலத்தை நீட்டுகிறார்கள். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 25 மடங்கு சிறிய மாதிரியில் எல்லாம் 5 மடங்கு சீக்கிரம் நடந்து முடியும். விநாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய கேமராவை 120 பிரேமில் ஓட்டினால், 0.4 விநாடிக்குள் 48 பிரேம் கிடைக்கும். அதை 24 பிரேம் வேகத்தில் காட்டும்போது பெட்டி சரியாக 2 விநாடி விழும். நம் ஊர் டிவியின் 25 பிரேம் கணக்கில் 125 வரும். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 1965இல் பிரிட்டனில் வந்த 'தண்டர்பேர்ட்ஸ்' தொடரில் டெரெக் மெடிங்ஸ் குழு மாதிரி ராக்கெட்டுகளையும் வெடிப்புகளையும் இப்படித்தான் அதிவேக கேமராவில் எடுத்தது. அன்றைக்கு ஃபிலிம் மளமளவென்று தீரும். இன்றைக்குப் பல செல்போன்களிலேயே 120, 240 பிரேம் இருக்கிறது.

அடுத்த தொல்லை உறுதி. காலி கண்டெய்னரின் எடை சுமார் 2.3 டன். நீளம் 25 மடங்கு குறைந்தால் கனஅளவு 15,625 மடங்கு குறையும், ஆகவே மாதிரி சுமார் 150 கிராம்தான் இருக்க வேண்டும். ஆனால் தகட்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 625 மடங்குதான் குறைகிறது. சின்னப் பெட்டி தன் எடையோடு ஒப்பிட்டால் 25 மடங்கு திடமானது. கீழே விழுந்தால் நசுங்காது, 'டக்' என்று துள்ளும். இந்தக் கணக்கின் அடிப்படையை 1638லேயே கலிலியோ எழுதிவைத்துவிட்டார். கலைக்குழுவுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: கூல்டிரிங்ஸ் கேன் தகட்டில் பெட்டியைச் செய்து, மூலைகளை முன்கூட்டியே பாதி வெட்டி வைக்க வேண்டும். மோதும் இடத்தில் கிளம்பும் தூசிக்கு முல்தானி மட்டி. முகத்துக்குப் பூசுவதுதான், படப்பிடிப்புகளில் புழுதி கிளப்புவதும் அதுதான்.

வெளிச்சம் தனித் தலைவலி. பக்கத்தில் போய்ப் படம் பிடித்தால் முன்னால் இருப்பது மட்டும் தெளிவாக விழும், பின்னால் இருப்பது மங்கும். அந்த மங்கலும் பொம்மையைக் காட்டிக்கொடுக்கும். தவிர்க்க, லென்ஸ் துவாரத்தை எஃப் 4இலிருந்து எஃப் 16க்குச் சுருக்க வேண்டும் (எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும்). அதற்கு 16 மடங்கு வெளிச்சம் தேவை. கேமரா வேகம் 5 மடங்கு என்பதால் ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம் குறையும், ஆக மொத்தம் 80 மடங்கு. ஸ்டுடியோவில் இதற்கு விளக்கு போட்டே பட்ஜெட் தீர்ந்துவிடும். மொட்டை மாடியில் சென்னை வெயில் இலவசம். ஆனால் கடற்காற்று ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூசி தன் இஷ்டத்துக்குப் பறக்கும். கேமராவின் உயரமும் முக்கியம். 1.7 மீட்டர் மனிதனின் பார்வை இந்த அளவில் தரையிலிருந்து 7 சென்டிமீட்டருக்கும் கீழே. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் அந்த உயரத்துக்கு இறங்கும். தூரத்தில் இருப்பவை கொஞ்சம் வெளிறித் தெரிய லேசாகப் புகை போடுவார்கள். ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கம் எடுத்தால் அந்தச் செலவும் மிச்சம் என்று எண்ணூர்க்காரர்கள் கசப்பாகச் சிரிக்கலாம்.

விண்கலத்துக்கு இவ்வளவு பாடில்லை. விண்வெளியில் மிதக்கும் கலத்தில் எதுவும் கீழே விழுவதில்லை, ஆகவே நேரத்தை ஒப்பிட நம் கண்ணுக்கு அளவுகோல் கிடையாது. 1966இல் தொடங்கிய அமெரிக்க விண்வெளித் தொடர் 'ஸ்டார் டிரெக்'கின் எண்டர்பிரைஸ் கலம் சுமார் 3.4 மீட்டர் நீள மாதிரி. விளக்குகளுக்கான ஒயர்கள் இடப்பக்கம் வழியாக உள்ளே போனதால் அந்தப் பக்கத்தை முழுசாக முடிக்கவே இல்லை. வலப்பக்கத்தையே காட்டி ஒப்பேற்றினார்கள். கலம் வெடிக்கும்போதுதான் குட்டு உடையும், சிதறல்கள் வளைந்து கீழே விழும். அதற்கும் தந்திரம் உண்டு: கேமராவைக் கீழே வைத்து அண்ணாந்து எடுத்தால் சிதறல்கள் நம்மை நோக்கிப் பாய்வதுபோல் இருக்கும், கீழே விழுவது தெரியாது.

இந்தக் கலையை அதிகம் தோற்கடிப்பது தண்ணீர். கண்டெய்னர் தரையில் விழாமல் காசிமேட்டுக் கடலில் விழுவதாகக் கதை இருந்தால் தீர்ந்தோம். கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூட் 1870களிலேயே அலைகளுக்கும் இதே வர்க்கமூல விதி பொருந்தும் என்று காட்டினார். அலையை ஸ்லோ மோஷனில் பெரிதாக்கலாம். துளியை முடியாது, ஏனென்றால் நீரைத் துளியாகத் திரட்டிப் பிடிக்கும் பரப்பு இழுவிசை மாதிரியோடு சேர்ந்து சுருங்காது. 3 மில்லிமீட்டர் துளி, 1/25 கணக்கில் திரையில் 7.5 சென்டிமீட்டர் உருண்டையாக நிற்கும். சோப்பு கலந்து இழுவிசையைக் குறைப்பார்கள், விசிறி வைத்து அலை முனைகளைச் சிதறடிப்பார்கள், கடைசியில் மாதிரியையே பெரிதாக்குவார்கள். கம்ப்யூட்டருக்குப் போனாலும் இயற்பியல் கூடவே வரும். 25 மீட்டர் படகை மென்பொருளில் தவறுதலாக 1 மீட்டர் என்று கொடுத்துவிட்டால், அங்கேயும் அது பொம்மையாகத்தான் ஆடும்.

பணம் போதாதென்றால் கதையையே மாற்றுவதில் வெட்கமில்லை. 'ஸ்டார் டிரெக்'கில் வாராவாரம் கலத்தைக் கிரகத்தில் இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாமல்தான், ஆட்கள் மின்னி மறைந்து கீழே தோன்றும் கருவியே பிறந்தது. அந்த மினுமினுப்பு, கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று விளக்கடித்துக் கொட்டிய அலுமினியப் பொடி. அந்தப் பொடியையும் ஸ்லோ மோஷனில்தான் எடுத்தார்கள்.