ஓட்டிசம்: ரிப்போர்ட்டில் வரும் ஆங்கிலமும் காரணம் பற்றிய பேச்சும்

பிள்ளைக்கு ஓட்டிசமோ என்று திருகோணமலையில் காட்டப் போனால், கிளினிக் பேச்சு தமிழிலோ சிங்களத்திலோ நடந்தாலும் கையில் வரும் காகிதம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கொழும்புக்கு அனுப்பும் கடிதமும் அப்படியே. பெற்றோர் அதைப் படமெடுத்துக் கனடாவிலோ லண்டனிலோ உள்ள உறவினருக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வருவதில் பாதி மொழிபெயர்ப்பு, பாதி வட்ஸ்அப் செய்தி. சில சொற்களைச் சரியாகத் தெரிந்துகொண்டால் காகிதத்தைத் தாங்களே படிக்கலாம்.

முதலில் ஒரு குறியைக் கவனியுங்கள். 'ஏ.எஸ்.டி.' என்பது ஓட்டிசம் ஸ்பெக்ட்ரம் டிஸோர்டர், அதாவது பேச்சிலும் பழகும் விதத்திலும் தெரியும் மூளை வளர்ச்சி வேறுபாடு. அந்த எழுத்துகளுக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தால் மருத்துவர் சந்தேகிக்கிறார், இன்னும் முடிவு சொல்லவில்லை. 'ரூல் அவுட்' என்றிருந்தால், அது உண்டா இல்லையா என்று பார்த்து விலக்க வேண்டும் என்று பொருள். 'ஸ்க்ரீனிங் பொசிட்டிவ்', அதாவது முதற்கட்டச் சோதனையில் சந்தேகம் தெரிந்தது என்பதும், டயக்னோசிஸ் (மருத்துவரின் உறுதியான முடிவு) ஆகாது. 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கான 20 கேள்விகள் கொண்ட எம்-சட் பட்டியல், விரிவான பரிசோதனை தேவையா என்பதை மட்டுமே காட்டும்.

அடுத்தது 'ஹிஸ்டரி', அதாவது பிள்ளையின் முன் விவரங்கள் உள்ள பகுதி. சிசேரியன் என்றால் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று இருக்கும். குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் இருந்திருந்தால் 'பி.பி.யு.' என்று இருக்கும். பல தாய்மார் இந்த வரியைக் காரணமாக எடுத்துக்கொண்டு, 'ஒப்பரேஷன் செய்ததாலதான் வந்ததா?' என்று அழுகிறார்கள். பிள்ளை பிறந்த விவரம் எல்லாப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டிலும் எழுதப்படும். அது காரணப் பட்டியல் அல்ல.

காரணம் பற்றிய செய்திகளில் மூன்று வகைச் சொற்கள்தான் ஆளைக் குழப்புகின்றன. 'கோஸ்' என்றால் இதனால் அது வந்தது. 'அசோசியேட்டட் வித்', 'லிங்க்ட் டு' என்றால் இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். 'ரிஸ்க் ஃபக்டர்' என்றால் அது இருப்பவர்களிடையே வாய்ப்பு சற்று அதிகம். பெற்றோரின் வயது கூடியிருப்பது, நன்றாகக் குறைமாதத்தில் பிறப்பது, கர்ப்ப காலத்தில் வல்ப்ரொயேட் என்ற வலிப்பு மருந்து எடுப்பது ஆகியன இந்த மூன்றாவது வகை. (அந்த மருந்தை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. பிள்ளை பெற நினைக்கும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும்.) 'டபுள்ஸ் த ரிஸ்க்' என்று செய்தி வந்தால், எதன் இரு மடங்கு என்று கேளுங்கள். நூற்றில் ஒன்று இரண்டானால் மிச்சம் 98 பிள்ளைகளுக்கு அது வருவதில்லை.

தடுப்பூசிப் பயம் தொடங்கியது 1998இல். எம்.எம்.ஆர். ஊசிக்கும் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி) ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரித்தானிய மருத்துவர் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையை 'லான்செட்' மருத்துவ இதழ் 2010இல் மீளப் பெற்றது. அதே ஆண்டு பிரித்தானியாவில் அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. மீளப் பெறுவதற்கு ஆங்கிலத்தில் 'ரிட்ராக்டட்' என்பார்கள். இணையத்தில் எந்த ஆய்வுக் கட்டுரையைக் கண்டாலும் முதலில் தேட வேண்டியது அந்தச் சொல்லைத்தான். 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்ததில், எம்.எம்.ஆர். ஊசியால் ஓட்டிசம் கூடவில்லை. இலங்கையில் அந்த ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. தொண்டைக் கரப்பான், குக்கல், ஏற்பு ஆகியவற்றுக்கான முக்கூட்டு ஊசி 18 மாதத்தில் வருகிறது. சில பிள்ளைகள் பேசிய சொற்களை இழப்பதும் பெரும்பாலும் 15 முதல் 24 மாதத்துக்குள்தான். 'ஊசி போட்ட பிறகு' என்பது உண்மையாக இருக்கலாம். 'ஊசியால்' என்பது அதிலிருந்து பிறக்காது.

2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, கர்ப்பிணிகள் 'அசிடமினோஃபென்' எடுக்கக் கூடாது என்று பேசினார். பரசிட்டமோலின் அமெரிக்கப் பெயர்தான் அது. நம்மிடம் பனடோல். சுவீடனில் ஏறத்தாழ 25 லட்சம் பிள்ளைகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த முடிவைப் பாருங்கள். பொதுவாக ஒப்பிட்டபோது சிறு வித்தியாசம் தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டபோது அது இல்லாமல் போனது. குடும்ப மரபணு, தாயின் நோய் போன்றவை இடையில் புகுந்து கணக்கைக் குழப்புவதற்கு 'கன்ஃபவுண்டிங்' என்று பெயர். கர்ப்பிணிக்குக் கடும் காய்ச்சல் வந்தால் அதைக் குறைக்காமல் விடுவதும் சிசுவுக்குக் கேடு. அளவையும் நாட்களையும் கிளினிக்கில் கேட்டு எடுக்கலாம்.

'ஜெனடிக்' என்ற சொல் வீட்டுக்குள் சண்டையாக மாறுவதை அடிக்கடி காண்கிறோம். உடனே 'உங்கட பக்கமா, எங்கட பக்கமா?' என்று தொடங்கிவிடுகிறது. மரபணுவின் பங்கு மிகப் பெரியது, உண்மை. ஆனால் ஒரு தனி மரபணு அல்ல, நூற்றுக்கணக்கானவை தொடர்புபட்டவை. சில மாற்றங்கள் தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. விந்திலோ முட்டையிலோ கரு உருவாகும்போதோ புதிதாக வந்தவை. இவற்றை 'டி நோவோ' என்பார்கள். 'மல்டிஃபக்டோரியல்' என்று எழுதியிருந்தால் பல காரணங்கள் சேர்ந்தது என்று பொருள். தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்ற பழைய கருத்தை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. 'வேர்ச்சுவல் ஓட்டிசம்' என்ற பெயரும் மருத்துவ வகைப்பாடுகளில் இல்லை. பிள்ளையிடமிருந்து ஃபோனைக் குறைப்பது பேச்சுக்கு நேரம் கிடைப்பதற்காக. உலக சுகாதார அமைப்பு 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது.

கிளினிக்குக்குப் போகுமுன் பிள்ளை என்ன செய்கிறது என்பதை மாதக் கணக்கோடு எழுதுங்கள். 'லேட்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்களை அடைக்காதீர்கள். சொற்கள் இன்னும் வரவில்லை என்றால் 'டிலே'. வந்த சொற்கள் போய்விட்டால் 'ரிக்ரெஷன்'. இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் மருத்துவர் அவசரத்தை உணராமல் போகலாம். 'சோறு வேணுமா?' என்று கேட்டால் பிள்ளையும் 'சோறு வேணுமா' என்றே திருப்பிச் சொல்கிறதா? அது 'எக்கோலேலியா'. கடலில் போகும் படகை விரலால் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? அது 'ஜொயின்ட் அட்டென்ஷன்', பிள்ளையிடம் இருக்க வேண்டிய ஒன்று. பிஸ்கட் வேண்டும் என்று உங்கள் கையைப் பிடித்து இழுப்பது அதில் சேராது. பெயரைக் கூப்பிடும்போதும் விளையாடும்போதும் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வாருங்கள். கிளினிக் நெரிசலில் பிள்ளை வீட்டில் இருப்பதுபோல் இருக்காது.

தமிழ் தெரியாத மருத்துவரிடம் இந்த மூன்று வாக்கியம் போதும்: 'ஹீ டஸ் நொட் பொயின்ட்.' (விரலால் காட்டுவதில்லை.) 'ஹீ லொஸ்ட் வேர்ட்ஸ் அட் ட்வென்டி மந்த்ஸ்.' (20 மாதத்தில் சொற்கள் போய்விட்டன.) 'டஸ் ஹீ நீட் அ ஹியரிங் டெஸ்ட்?' (செவிப் பரிசோதனை தேவையா?) பெண் பிள்ளை என்றால் 'ஷீ'. செவிப் பரிசோதனை நடந்ததா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். காது கேளாத பிள்ளையும் பெயர் கூப்பிட்டால் திரும்பாது. ரிப்போர்ட் வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கேள்விக்குறியோடு உள்ள காகிதத்தை வைத்தே அதைத் தொடங்கலாம்.