அன்ரெனா: கம்பமா, கொம்பா?

திருகோணமலையிலிருந்து கொட்டியாரக்குடாவைத் தாண்டி மூதூருக்கு ஒரு வயர்லெஸ் இணைப்புப் போட வேண்டும். "அன்ரெனா என்ன விலை?" என்று கடையில் கேட்டால், ஒருவர் இரும்புக் கம்பத்துக்கு விலை சொல்வார். இன்னொருவர் டிஷ்ஷுக்குச் சொல்வார். மூன்றாமவர் ரேடியோவும் சேர்ந்து வரும் வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார். மூவரிலும் பிழையில்லை. இந்தக் குழப்பம் அந்தச் சொல்லோடு கூடப் பிறந்தது.

இலத்தீனில் 'அன்ரென்னா' என்பது பாய்க்கப்பலின் ஓர் உறுப்பு. பாய்மரத்துக்குக் குறுக்கே கட்டிப் பாயைத் தொங்கவிடும் மரம் அது. நிமிர்ந்து நிற்கும் பாய்மரம் அல்ல. நமது கப்பல்காரர்கள் இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பியதில்லை. நிற்பது பாய்மரம், குறுக்கே கிடப்பது பருமல். கிரேக்கத்தில் இந்தக் குறுக்கு மரத்தின் பெயர் 'கெரையா'. கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அரிஸ்டோட்டில் பூச்சிகளின் தலையில் நீளும் உணரிகளையும் அப்படித்தான் அழைத்தார். 15ஆம் நூற்றாண்டில் அவரது விலங்கியல் நூல்களை இலத்தீனில் பெயர்த்த தியோடோரஸ் காசா, 'கெரையா'வுக்கு அகராதிப்படி 'அன்ரென்னா' என்று போட்டார். கப்பலில் கிடந்த மரம் இப்படித்தான் கரப்பான்பூச்சியின் தலைக்கு ஏறியது.

வானொலிக்கு வந்தது அதற்குப் பிறகு. இத்தாலிய மொழியில் கூடாரத்தின் நடுக்கம்பத்துக்கும் இதே பெயர் உண்டு. 1895இல் மார்க்கோனி சோதனை நடத்தியபோது கம்பியைத் தாங்கிய கம்பத்தின் பெயர் நாளடைவில் கம்பிக்கே ஒட்டிக்கொண்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். குறுக்கு மரமாக இருந்த சொல் நிமிர்ந்த கம்பமாகி, கடைசியில் அலையை அனுப்பி வாங்கும் உறுப்பாயிற்று. ஊரில் மூத்தவர்கள் சொல்லும் 'ஏரியல்' பிரித்தானியர் விட்டுப்போனது. அதன் வேர் காற்றைக் குறிக்கும் சொல்.

இனித் தமிழுக்கு வருவோம். 'அலைக்கம்பம்' என்பது தாங்கும் பொருளைத் தாங்கப்படுவதற்குப் பெயராக்குகிறது. திருகோணமலையில் டொய்ச்சே வெல்லே பல ஆண்டுகள் நடத்திய சிற்றலை நிலையத்தின் கோபுரங்களைப் பார்த்தவர்கள் அவற்றையே அன்ரெனா என்பார்கள். அத்தகைய நிலையங்களில் கோபுரம் பாய்மரம் மட்டும்தான். அலையை வீசுவது அதில் தொங்கும் கம்பிகள். 'அலைவாங்கி' ஒலிவாங்கியைப் பார்த்து வார்த்த சொல், ஆனால் பாதிச் சொல். அன்ரெனா வாங்கும், வீசவும் செய்யும். இரண்டுக்கும் அதன் திறன் ஒன்றே. 'உணர்கொம்பு' பள்ளிக்கூட விலங்கியலில் நிலைத்துவிட்டது. அது பூச்சியிடமே இருக்கட்டும்.

எங்கள் தெரிவு 'அலைக்கொம்பு'. தமிழில் கொம்பு என்பது விலங்கின் கொம்பு, மரத்தின் கிளை, ஊதும் கருவி மூன்றுக்கும் பெயர். அடிமரத்திலிருந்து பக்கமாக நீள்வது என்ற பழைய பொருளும், ஊதி அனுப்புவது என்ற பொருளும் ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன. டிஷ்ஷின் நடுவே அலையை ஊட்டும் சிறிய கூம்பும் கொம்பு என்றுதான் அழைக்கப்படுகிறது. அதை 'ஊட்டுகொம்பு' என்று பிரித்துவிடலாம். கடையில் 'அலைக்கொம்பு' கேட்டு நிற்க வேண்டாம், அங்கே அன்ரெனாவே போதும். எழுதும் பட்டியலில் மட்டும் கம்பம், அலைக்கொம்பு, ரேடியோ மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். மூன்றையும் தெரிவு செய்யும் கணக்குகள் வெவ்வேறு.

முதலில் அலைக்கொம்பின் கணக்கு. அதன் அளவு 'நயம்'. நமது உயர்தரப் பௌதிகவியல் பாடநூல் மின்சுற்றுக்குச் சொல்லும் அதே சொல்தான்; இங்கே அது அலையை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு. சந்தையில் நயம் என்றால் மலிவு. இங்கே நயம் கூடக் கூட விலையும் கூடும். குடாவின் இரு கரைக்கும் இடையே 15 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5.8 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் வெறும் வெளியிலேயே 131 தெசிபெல் இழப்பு (தெசிபெல் என்பது வலுவின் விகிதத்தைச் சொல்லும் அளவு; 10 என்றால் பத்து மடங்கு). ரேடியோ தருவது 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட தெசிபெல்), அதாவது 100 மில்லிவாட். இரு பக்கமும் 65 செ.மீ. அளவு டிஷ் வைத்தால் ஒவ்வொன்றின் நயமும் ஏறத்தாழ 30 டிபிஐ (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் அன்ரெனாவோடு ஒப்பிட்ட தெசிபெல்). இணைப்பு வயர்களுக்கு மொத்தம் 2 தெசிபெல் கழியுங்கள். 20 + 30 + 30 − 131 − 2 = −53 டிபிஎம் வந்து சேரும். வேகமான நிலைக்கு ரேடியோ கேட்பது −75 அளவு என்றால் கையிருப்பு 22 தெசிபெல். தரையில் அதில் பாதி போதும் என்பவர்கள் உண்டு. கடலின் மேல் 20க்குக் குறையக் கூடாது. 23 டிபிஐ தட்டை அன்ரெனா மலிவு என்று இரு பக்கமும் மாட்டினால் 14 தெசிபெல் போய்விடும், மிஞ்சுவது 8. காலையில் ஓடி மதியம் அறுகிற இணைப்பு அதுதான்.

2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும் என்ற நம்பிக்கையும் இந்தக் கணக்கில் நிற்காது. வெளி இழப்பு 7.7 தெசிபெல் குறைவது உண்மை. அதே அளவு டிஷ்ஷின் நயம் ஒவ்வொரு பக்கமும் 7.7 குறைவதும் உண்மை. வீட்டு ரௌட்டர்களின் இரைச்சல் வேறு.

கம்பத்தின் கணக்கு இங்கே சுவையானது. கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. நேர்கோட்டைச் சுற்றி 'பிரெனெல் வலயம்' என்ற சுருட்டு வடிவ வெளி இருக்கிறது, 15 கி.மீ. இணைப்பின் நடுவில் அதன் ஆரை 14 மீற்றர். அதில் 60 வீதம், அதாவது 8.4 மீற்றர், தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவு நடுக்கடலில் 3.3 மீற்றர் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரு முனையும் நீர்மட்டத்திலிருந்து குறைந்தது 12 மீற்றர்.

அப்படியானால் இன்னும் உயர்த்தினால் இன்னும் நல்லதா? தரையில் பெரும்பாலும் ஆம். குடாவின் மேல் இல்லை. அமைதியான கடல் ஒரு கண்ணாடி. நேரே வரும் அலையோடு நீரில் பட்டுத் தெறித்த அலையும் வந்து சேரும். தெறிக்கும்போது அது தலைகீழாகப் புரளும். இரண்டின் பாதை வித்தியாசம் அரை அலைநீளமானால் ஒன்றையொன்று வலுப்படுத்தும், முழு அலைநீளமானால் ஒன்றையொன்று தின்றுவிடும். நமது 15 கி.மீ.க்கு இரு முனையும் 17 மீற்றரில் இருந்தால் முதலாவது நடக்கும். 23 மீற்றரில் இருந்தால் பாதை வித்தியாசம் 5.17 செ.மீ.; 5.8 கிகாஹேர்ட்ஸின் அலைநீளமும் சரியாக அதுவே. கூடுதல் செலவில் உயர்த்திய கம்பத்தில் சமிக்ஞை செத்துக்கிடக்கும். டிஷ்ஷின் கூர்மை இங்கே உதவாது. அதன் பார்வை 5 பாகைக்கு மேல் அகலம். நேரலைக்கும் தெறியலைக்கும் இடையே கோணம் ஒரு பாகையில் ஒரு சிறு பங்குதான். மருந்து, ஒரு முனையை ஐந்தாறு மீற்றர் இறக்குவது. அல்லது ஒரே கம்பத்தில் இரு உயரத்தில் இரண்டு அலைக்கொம்பு வைத்து, எது நன்றாகக் கேட்கிறதோ அதை எடுக்கும் ரேடியோ வாங்குவது.

நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் வற்றுப்பெருக்கால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை காற்றில் இருக்கிறது. வெயிலும் ஈரமும் அடுக்கடுக்காகப் படியும் நாட்களில் அலை வளையும் அளவு மாறி, மேலே சொன்ன உயரக் கணக்கும் நாளுக்குள்ளேயே ஊசலாடும். 20 தெசிபெல் கையிருப்புக் கேட்பது இதற்காகத்தான். மழைக்குப் பயப்பட வேண்டாம். மார்கழி அடைமழை 5.8 கிகாஹேர்ட்ஸைத் தொடாது. 24, 60 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் இந்தத் தூரத்துக்கு ஆகாதவை.

ரேடியோவைக் கம்பத்தின் உச்சியில், டிஷ்ஷின் முதுகிலேயே பொருத்துங்கள். கீழே அறையில் வைத்து 20 மீற்றர் தடித்த கோஅக்ஸ் வயர் இழுத்தால் 7 தெசிபெல், அதாவது வலுவின் ஐந்தில் நான்கு பங்கு, வயரிலேயே கரையும். மேலே இருந்து இறங்க வேண்டியது கவசமிட்ட வெளிப்புற நெட்வேர்க் வயர் மட்டும். மின்சாரமும் அதிலேயே ஏறும். 100 மீற்றருக்கு மேல் கூடாது. ரேடியோவின் அமைப்பில் தூரத்தைக் கொடுக்க மறந்தால், 15 கி.மீ. போய்வர எடுக்கும் 100 மைக்ரோசெக்கன் முடியுமுன்பே பதில் வரவில்லை என்று அது அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்பும். சமிக்ஞை முழுதாக இருந்தும் வேகம் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வாங்கும் முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் மீடிறனையும் அனுமதிக்கப்படும் வலுவையும் கேட்டு எழுத்தில் பெறுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது இது. மேலே உள்ள கருவி டிஷ் நோக்கும் திசையில் 49 டிபிஎம் வீசும். எல்லாத் திசையிலும் சமமாக வீசுவதாக இருந்தால் 80 வாட்டுக்குச் சமம். அனுமதி அதைவிடக் குறைவாக இருந்தால் ரேடியோவின் வலுவைத்தான் குறைக்க வேண்டும், டிஷ்ஷை அல்ல. பெரிய டிஷ், அலையை வாங்கும் பக்கத்திலும் உதவும்.

திசை பிடிக்கும்போது ஒரு முனையை அசையாமல் வைத்து மறுமுனையை மட்டும் திருப்புங்கள். முதலில் இடம் வலம், பிறகு மேல் கீழ். −70 வந்ததும் கிடைத்துவிட்டது என்று நட்டை இறுக்குவதுதான் வழக்கமான தவறு. டிஷ்ஷுக்கு, நோக்கும் திசைக்குப் பக்கத்தில் வலுக்குறைந்த பக்கக் கதிர்களும் உண்டு. அது அவற்றில் ஒன்று. கணக்கு −53 சொன்னால் இரண்டு மூன்று தெசிபெல் கிட்ட வரும்வரை தேடுங்கள். சரியான உச்சியிலும் 20 குறைந்தால் முனைவாக்கம் (அலை அதிரும் திசை) மாறியிருக்கும்: ஒரு பக்கம் நிலைக்குத்து, மறுபக்கம் கிடை.

கடைசியாகக் காற்றும் உப்பும். மணிக்கு 90 கி.மீ. காற்றில் 60 செ.மீ. முழு டிஷ் ஏறத்தாழ 13 கிலோ எடையளவு தள்ளப்படும், 90 செ.மீ. என்றால் 30. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கேதான் என்பதை நினைத்து, மூன்று திசையில் இழுகம்பி கட்டுங்கள். நட்டும் போல்ட்டும் 316 தரத் துருப்பிடியா உருக்காக இருக்கட்டும்; நாகம் பூசியவை கடற்கரையில் நீடிக்காது. இணைப்பிகளைத் தன்னோடு தானே ஒட்டும் றப்பர் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரைப் பிடிக்கும் கிண்ணமாகும். வயர் ரேடியோவுக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு சாண் வளைவு விடுங்கள், மழைநீர் அதன் அடியில் சொட்டிப் போகும்.