மலையில் முதல் வீடு: மண் வெட்டும் முன் ஒரு கணக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பிளான் போட வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "சார், கவர்மெண்ட் பணம் எவ்வளவு வரும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "மனையில் மண் எவ்வளவு வெட்டணும்?"

முதலில் பணம். கிராமத்தில் குடிசையில் இருப்பவருக்குச் சொந்த இடம் இருந்தால், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். விசாரிக்க வேண்டிய இடம் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். நகரத்தில் கடன் வாங்கி வீடு வாங்குபவருக்குப் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கேயும் குடும்பத்தார் பெயரில் பக்கா வீடு இருக்கக் கூடாது. வீட்டின் மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சத்துக்குள் என்றால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணையில்தான் வரும். புரோக்கர் பேச்சைக் கேட்டு அதை முன்பணக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டாவும் வில்லங்கச் சான்றும். கூடலூர் பக்கம் என்றால் அது பிரிவு 17 ஜென்ம நிலமா (ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமைச் சிக்கல் உள்ள நிலம்) என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

சரி, மண்ணுக்கு வருவோம். மானியம் வீட்டுக்குத்தான், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சரிவுக்கு இல்லை. தடுப்புச்சுவர் உங்கள் கைக்காசு. அதனால்தான் கடைசியில் ஏனோதானோவென்று கட்டுகிறார்கள். ஒரு வீட்டில் போய்ப் பார்த்தேன்: ஆளுயரக் கருங்கல் சுவர், பூச்செல்லாம் அழகாக இருக்கிறது, நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. மழையில் ஊறிய மண்ணின் கனத்தோடு தேங்கிய தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்தால் எந்தச் சுவர் தாங்கும்? சில நூறு ரூபாய் பிவிசி குழாயும் பின்பக்கம் கொட்ட ஜல்லியும்தான் மிச்சப்படுத்தியது! 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனாலும் அனுமதி இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பொக்லைன் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

குடி போன பிறகும் தண்ணீர்தான் வேலை. கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை கனம், ஆகவே செப்டம்பருக்குள் வாய்க்காலைத் தூர்வாருங்கள். கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை கனம், அங்கே மே மாதத்துக்குள். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள், கீழ்வீட்டுக்காரர் தலையில் விடாதீர்கள். உறிஞ்சுகுழியைத் தடுப்புச்சுவருக்கு மேல்பக்கம் தோண்டவே தோண்டாதீர்கள். குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தால் ஒரே சீசனில் சுவரெல்லாம் பூஞ்சணம். அப்புறம், தடுப்புச்சுவரில் விரிசல் தெரிந்தால் உடனே சிமெண்ட் பூசி மறைக்காமல், இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் மழை நேரத்தில் அந்தப் பக்க அறையில் யாரும் படுக்க வேண்டாம், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.