தங்கூசியால் கட்டிய எஞ்சின்

இந்த ஆடி விடுமுறையிலும் ஒன்று வந்துவிட்டது. 19 அடி ஃபைபர் படகு, பின்னால் 40 குதிரைவலு எஞ்சின். உரிமையாளர் என்னைப் பார்க்கச் சொன்னது புரோப்பலரை மட்டும்தான். இதழ் ஒன்று மடங்கியிருந்தது. ஓட்ட ஆளில்லாமல் ஓடிப்போய்க் கரையில் ஏறியபோது மடங்கியதாம். ஓட்டிய பெடியன் தொடையில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உயிர் தப்பிவிட்டான், அதனால் வீட்டாருக்கு அது சின்ன விசயமாகிவிட்டது. "புரோப்பலருக்கு எவ்வளவு முடியும் அண்ணை?" என்றுதான் கேட்டார்கள்.

நான் புரோப்பலரைப் பார்க்கவில்லை. எஞ்சினின் முன்பக்கத்தைப் பார்த்தேன். சிவப்புப் பொத்தானுக்குக் கீழே இருக்க வேண்டிய கிளிப் இல்லை. கயிற்றால் ஓட்டுபவரோடு இணைந்திருக்கும் கிளிப் அது. அவர் விழுந்தால் கழன்று எஞ்சினை நிறுத்திவிடும். அந்த இடத்தில் தங்கூசியை, அதுதான் தூண்டில் போடுகிற நைலோன் இழையை, நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். முடிச்சின் மேல் எண்ணெயும் அழுக்கும் படிந்து கறுத்திருந்தது. அது நேற்றுக் கட்டியதல்ல.

முல்லைத்தீவில் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவன் நான். என்னிடம் வருகிற எஞ்சின்களில் இப்படிக் கட்டியதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "அண்ணை, உந்தக் கயிறு கரைச்சல். அடிக்கடி கழண்டு எஞ்சின் நிண்டுபோகுது. கடலுக்குள்ளை எஞ்சின் நிண்டா ஆபத்துத்தானே?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முழுப் பிழை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறும் இந்த நினைப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

நீங்கள் படகுக்குள் இருக்கும்போது எஞ்சின் நின்றால் என்ன நடக்கும்? கிளிப்பைத் திரும்பப் போட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக் கிளப்புவீர்கள். ஒரு நிமிட வேலை, கொஞ்சம் ஏச்சு. நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? மோட்டார்சைக்கிளின் அக்சிலேட்டர் கையை எடுத்ததும் தானாகத் திரும்பிவிடும். இந்த எஞ்சினின் கைப்பிடி திரும்பாது, விட்ட வேகத்திலேயே நிற்கும். பிடிக்க ஆளில்லாத எஞ்சினைப் புரோப்பலரின் விசையே ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிடும். படகு நேரே போகாது, வட்டமடிக்கும். வட்டமடித்தால் எங்கே வரும்? நீங்கள் விழுந்த இடத்துக்குத்தான். ஒரு தரம் தப்பினாலும் அடுத்த சுற்றில் வரும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் என்றால் விநாடிக்கு 8 மீற்றர். எவ்வளவு நல்ல நீச்சல்காரனும் அதை முந்தப் போவதில்லை. கரையில் நிற்கிறவர்களாலும் கிட்டப் போக முடியாது.

அந்தப் பெடியனுக்கு நடந்தது இதுதான். எழுந்து நின்றபடி ஓட்டியிருக்கிறான். சட்டென்று திருப்பியபோது அவனும் கூட வந்தவரும் தூக்கி எறியப்பட்டார்கள். படகு திரும்பி வந்தது.

கிளிப் அடிக்கடி கழன்றால் அதற்குக் காரணம் இருக்கும். கயிறு கட்டையாக இருக்கும், அல்லது வெயிலில் காய்ந்து கிளிப்பின் பிளாஸ்டிக் நொய்ந்திருக்கும். இரண்டையும் மாற்றலாம். புரோப்பலர் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது தொழில்காரன் கண்ணுக்கு மட்டும் படுவது: கிளிப் ஒழுங்காக இருந்தாலும் பொத்தானுக்குள் உப்புப் பூத்து இறுகிவிட்டால், கிளிப்பை இழுத்தாலும் எஞ்சின் நிற்காது. ஆகவே ஒவ்வொரு நாளும் கிளப்பியவுடன் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். நின்றால் போகலாம். நிற்காவிட்டால் போக வேண்டாம்.

அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகு வேகமாக ஓடும்போது இந்தக் கயிறு ஓட்டுபவரோடு இணைந்திருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். இங்கே அதைக் கட்டி வைத்துவிட்டுக் கெட்டித்தனம் என்கிறோம்.

சரி, கூட வந்தவருக்கு வருகிறேன். அவர் பெடியனின் மச்சான், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். அவருக்குக் காயமில்லை. பட்டறைக்கு வந்து ஓரமாக நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார், தன்னிடம் அங்கத்தைய படகோட்டி அட்டை இருக்கிறதாம், இந்தக் கயிற்றைப் பற்றி அதில் படித்தவராம். "அப்ப ஏன் சொல்லேல்லை?" என்றேன். "கடற்கரையிலை பிறந்த பெடியனுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது அண்ணை" என்றார்.

இந்தக் கூச்சம்தான் எனக்கு விளங்காதது. கனடாவில் பொழுதுபோக்குக்காக மோட்டார் படகு ஓட்டுகிற எல்லாரும் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது 2009 செப்டெம்பர் 15 முதல் நடைமுறை. பெரும்பாலானவர்கள் படித்து, 50 கேள்விச் சோதனை எழுதி அந்த அட்டையை எடுக்கிறார்கள். வயதுக்கும் எஞ்சினுக்கும் கணக்கு உண்டு: பெரியவர் துணையில்லாமல் ஓட்டுவதென்றால் 12 வயதுக்குக் கீழே 10 குதிரைவலு வரை, 12 முதல் 16 நிரம்பும் வரை 40 குதிரைவலு வரை. கவனியுங்கள், 14 வயதுப் பிள்ளை 40 குதிரைவலு ஓட்டுவதை அங்கேயும் தடுக்கவில்லை. படித்துவிட்டு ஓட்டு என்றுதான் சொல்கிறார்கள். நியூயோர்க் மாநிலத்தில் 2005இல் படகு மோதி இறந்த 11 வயதுச் சிறுமியின் பெயரால் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 தொடக்கத்திலிருந்து எந்த வயதினரும் பாதுகாப்புப் பாடம் முடிக்காமல் அங்கே மோட்டார் படகைத் தொட முடியாது.

அந்த அட்டையை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. கையால் ஒரு கயிறும் பிடிக்காமல், வீட்டிலிருந்தே படித்து எடுத்துவிடலாம். மாரியில் நாயாற்று முகத்துவாரத்தில் அலை எப்படி உடையும் என்று அதில் இல்லை. அட்டை இருக்கிறது என்று சொல்லி இங்கே வந்து கைப்பிடியைக் கேட்கிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு.

எங்களிடமும் படிப்பு இருந்தது. பெடியனை முதலில் முன்னணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இருத்தித் தண்ணீர் இறைக்க விடுவார்கள். பிறகு வலை பிடிக்க. கைப்பிடி கைக்கு வர வருசங்கள் ஆகும். அதற்குள் காற்றும் நீரோட்டமும் தானாகப் படிந்துவிடும். 2004இல் சுனாமி, 2009 வரை போர், அதற்குப் பிறகு முகாம். கடல் பக்கமே போகாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. மீள்குடியேறியபோது படகும் எஞ்சினும் உதவியாக வந்தன. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கத் தகப்பன் பல வீடுகளில் இல்லை. அந்தப் பெடியளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் "கடல் எங்கடை ரத்தத்திலை இருக்கு" என்று அவர்களே சொல்லும்போது எரிச்சல் வருகிறது.

உயிர்காப்பு அங்கிக்கும் இதே கதைதான்: "எனக்கு நீந்தத் தெரியும்." தலையில் அடிபட்டு மயங்கினவன் எப்படி நீந்துவான்? அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில், அங்கி பற்றிய விவரம் பதிவானவர்களுள் 87 சதவீதமானோர் அதை அணிந்திருக்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், 2021 நவம்பர் 23 கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்ததை மறந்துவிட்டோமா? பள்ளிப் பிள்ளைகள் போனது நடுக்கடலுக்கல்ல, களப்பைக் கடக்கத்தான். அங்கியைச் சுருட்டி அணியத்தில் செருகி வைப்பது அணிந்ததாகாது. விழும்போது அதைத் தேடி எடுக்க யாருக்கும் நேரமிராது.

ஆடி, ஆவணியில் வருகிற விருந்தாளிகளுக்குத் தனியாக ஒன்று. அப்போது எங்கள் கரையில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தட்டையாக, குளம் மாதிரித் தெரியும். அதை நம்பிக் கொஞ்ச எரிபொருளோடு போவார்கள். எஞ்சின் நின்றால் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, ஆழத்துக்குத்தான் கொண்டுபோகும். துடுப்பு, நங்கூரம், கயிறு, நீர் புகாத பையில் தொலைபேசி, இந்த நான்கும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். குளங்களில் ஓட்டுகிறவர்கள் தண்ணீர் இறங்கிய காலத்தில் பட்டமரக் கட்டைகளுக்குப் பயப்படுங்கள்.

எதிரே படகு வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். வலப்பக்கமிருந்து குறுக்கே வருகிறவருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். வலை இழுக்கிறவருக்கும் துடுப்புப் போடுகிறவருக்கும் எப்போதும் விலகிப் போங்கள். இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இது கூடத் தெரியாமல் விளக்கை மாற்றிப் பூட்டித் தரச் சொல்லி என்னிடமே வந்திருக்கிறார்கள்.

கடற்றொழிலாளர் சங்கங்களைக் கேட்கிறேன்: கடலுக்குப் போகாத ஒரு நாளில், படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய பழைய சம்மாட்டிமார் இரண்டு பேரை இருத்திப் பெடியளுக்கு அரை நாள் பாடம் வைக்க முடியாதா? எஞ்சின் பக்கத்தை நான் வந்து சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம். உரிமையாளர்களே, தயவுசெய்து, அந்தப் பாடத்துக்கு வராத பெடியனிடம் எரிபொருள் கானைக் கொடுக்காதீர்கள். சொந்த மருமகனாக இருந்தாலும்.

யாராவது விழுந்தால் கிட்டப் போகும்போதே எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஆளைத் தூக்குமுன் நிறுத்திவிடுங்கள். வெட்டுக் காயமென்றால் துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் எந்த இறங்குதுறைக்கு வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கிளிப் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். கயிறோடு ஒன்று ஓட்டுபவரின் மணிக்கட்டில், மற்றது படகுக்குள் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில். ஓட்டுபவர் கயிற்றோடு விழுந்தால், மிச்சமிருக்கிறவர் எஞ்சினைக் கிளப்பி அவரை எடுக்க வர வேண்டுமே. தங்கூசி கட்டுகிறவர்கள் கூட இதைச் சொன்னால்தான் "ஓமண்ணை, அது சரி" என்று காசை எடுக்கிறார்கள்.