சவரக்கத்திக்கு எந்தக் கல்?

குன்னூர், உதகை சலூன்களில் இன்று பிளேடு செருகும் கத்திதான் புழக்கத்தில் இருக்கிறது. தாத்தா வைத்திருந்த மடக்குக் கத்தியைத் துடைத்து எடுத்து அதில் சவரம் செய்ய ஆசைப்படுகிறவருக்கு முதல் கேள்வி, எந்தக் கல்லில் தீட்டுவது என்பது. கல் கெட்டியாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அதற்குச் சாட்சி நீலகிரிப் பாறையே.

இங்கே சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் தெரிவது பெரும்பாலும் சார்னோக்கைட் வகைப் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருமாறியது. பல இடங்களில் அதில் கருஞ்சிவப்பாக கார்னெட் என்ற கனிமத்தின் மணிகள் பதிந்திருக்கும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் கோட்டிக்யூல், சவரக்கத்திக்கென்றே பேர்போன கல். அதில் எஃகைத் தேய்ப்பதும் கார்னெட் இனம்தான். கடினமும் கிட்டத்தட்ட ஒன்றே, கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7 அல்லது சற்று மேல். ஆனால் அவ்வளவு சூட்டில் கிடந்த நம் பாறையில் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. கோட்டிக்யூல் அத்தனை சூடு காணாத களிமண் படிவு. அதில் ஒரு மணி 5 முதல் 20 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

இந்த அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கல்லின் ஒவ்வொரு துகளும் எஃகில் ஒரு கீறலைப் போடுகிறது. அந்தக் கீறல் கத்தியின் வாயில் வந்து முடியும் இடத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெட்டு விழும். நன்றாகத் தீட்டிய கத்தி வாயின் தடிமன் அரை மைக்ரானுக்கும் குறைவு. அதில் ஆழமான பல் விழுந்தால் சவரத்தின்போது தோல் எரியும். கார்னெட் மணி பன்னிரண்டு முகம் கொண்டது, மூலைகள் மழுங்கலானவை. அதனால் தன் அளவுக்கு ஆழமாக அது கீறுவதில்லை. எனக்கு இந்தக் கல்லில் மிகவும் பிடித்த சங்கதி இது.

சரி, எதை வாங்குவது? இயற்கைக் கல்லில் ஒரு துண்டு போல இன்னொன்று இருக்காது. முதன்முதலாக வாங்குபவருக்குச் செயற்கைக் கல்லைத்தான் சொல்வேன். அதன் துகள் எவ்வளவு பொடி என்பதைச் சொல்லும் எண் கிரிட்; எண் ஏற ஏறத் துகள் சிறிதாகும். ஜப்பான் கணக்கில் 1000 கிரிட் என்றால் துகள் பத்துப் பன்னிரண்டு மைக்ரான். 8000 என்றால் ஒரு மைக்ரான் சொச்சம். வாய் சிதைந்த கத்திக்கு 1000-லிருந்து தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கத்தியைப் பராமரிக்க 8000 அல்லது 12000, ஒரே ஒரு கல் போதும். தினசரி வேலையை, கத்தியை இழுத்துத் தேய்க்கும் தோல்பட்டை பார்த்துக்கொள்ளும்.

கல் சமதளமாக இருப்பது கிரிட்டைவிட முக்கியம். சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கோணத்தைக் கை பிடிப்பதில்லை, முதுகின் தடிமனே கொடுக்கிறது. கல் குழிந்திருந்தால் வாயின் ஒரு பகுதி கல்லைத் தொடவே தொடாது. கல் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, கண்ணாடி மேல் விரித்த ஈரமான உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள். கோடு அழியாத இடம்தான் பள்ளம். எல்லாக் கோடும் போகும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் கத்தியை அழுத்தாமல், அதன் சொந்த எடையிலேயே, வாய் முன்னே போகும்படி ஓட்ட வேண்டும். அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்துகொடுக்கும்.

மலையில் இருப்பவர்கள் கல்லை அடிக்கடி எடுக்க நேர்வது மூடுபனியால். கார்பன் எஃகின் அவ்வளவு மெல்லிய வாயை ஈரம் ஓரிரவிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். சவரம் முடிந்ததும் நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் உதகைக் குளிரில் உறைந்துவிடுகிறது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.