பழசா, புதுசா? டெர்மினல் கேட்காது

வேலூரில் ஆட்டோ ஏறி “பஸ் ஸ்டாண்ட்” என்றால், “பழசா, புதுசா?” என்று ஓட்டுநர் கேட்டுக்கொள்வார். கணினிக்குக் கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் டெர்மினலில், பைத்தான் மொழியை ஓட்ட “பைத்தான்” என்று தட்டினால் அந்தக் கேள்வி வராது. ‘பாத்’ என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை, கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் வரிசையாகப் பார்க்கும். அந்தப் பெயரில் முதலில் கிடைப்பதை ஓட்டிவிடும்.

காட்பாடிப் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கும் ஒருவருக்கு சீனியரின் புராஜெக்ட் கிடைக்கிறது என்று வையுங்கள். எழுதியது பைத்தான் 3.10இல். லேப்டாப்பில் இருப்பது உபுண்டு 24.04 என்ற லினக்ஸ், அதனுடன் வருவது பைத்தான் 3.12. டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலை (பைத்தானோடு வந்த தயார் கோட் தொகுப்பு) 3.12இல் எடுத்துவிட்டார்கள். அதைக் கூப்பிடும் முதல் வரியிலேயே புரோகிராம் நின்றுவிடும். அதற்காக உபுண்டுவோடு வந்த பைத்தானைத் தயவுசெய்து நீக்காதீர்கள். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பித்தான் ஓடுகின்றன.

பல பைத்தான் பதிப்புகளை ஒரே கணினியில் வைத்து மாற்றிக்கொள்ள உதவும் பைஎன்வி என்ற கருவி இங்கேதான் கைகொடுக்கிறது. அது ‘ஷிம்ஸ்’ என்ற தன் ஃபோல்டரை பாத்தின் தலையில் வைக்கிறது. அதற்குள் “பைத்தான்” என்ற பெயரிலேயே ஒரு குட்டி ஸ்கிரிப்ட் இருக்கும். நீங்கள் கூப்பிடுவது அதைத்தான். எந்தப் பதிப்பு வேண்டும் என்று அது முதலில் என்விரான்மென்ட் மாறியில் (ஷெல் நினைவில் வைத்திருக்கும் ஒரு மதிப்பு) பார்க்கும். பிறகு நீங்கள் இருக்கும் ஃபோல்டரில் பதிப்பு எண் எழுதிய கோப்பைத் தேடும். இல்லையென்றால் மேல் ஃபோல்டர்களுக்கு ஏறும். எங்கும் இல்லாவிட்டால் குளோபல் பதிப்பு, அதாவது பொதுவாக வைத்திருக்கும் பதிப்பு. பைஎன்வி வழியாக 3.10ஐ நிறுவிய பிறகு, புராஜெக்ட் ஃபோல்டரில் நின்று “பைஎன்வி லோக்கல் 3.10” என்று கொடுத்தால் அந்தக் கோப்பு உருவாகிவிடும். கட்டளை எங்கே இருக்கிறது என்று சொல்லும் “விச் பைத்தான்” அந்தக் குட்டி ஸ்கிரிப்டை, அதாவது ஷிம்மை, மட்டுமே காட்டும்; உண்மையில் ஓடுவது எது என்று அறிய “பைஎன்வி விச் பைத்தான்” கொடுங்கள்.

ஒரு பதிப்பை நிறுவ, லினக்ஸில் பைஎன்வி வழக்கமாக சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் செய்யும். பாதுகாப்பான இணைய இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லையென்றால் எஸ்எஸ்எல் மாட்யூல் சேராது. கம்பைல் பிழையோடு நின்றுவிடும். பேக்கேஜைப் போட்டு அந்தப் பதிப்பை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

பதிப்பு சரியானதும் வென்வ் என்ற தனி பைத்தான் சூழல். இது லைப்ரரிகளை அந்தப் புராஜெக்டுக்குள்ளேயே தனியாக வைக்கும். ஆக்டிவேட் செய்வதில் மாயம் எதுவும் இல்லை. வென்வின் ‘பின்’ ஃபோல்டர் பாத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்கிறது, அவ்வளவுதான். வென்வை பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தால் வேலை செய்யாது: உள்ளிருக்கும் ஸ்கிரிப்ட்களின் முதல் வரியில் பழைய லேப்டாப்பில் பைத்தான் இருந்த இடத்தின் முழு முகவரி இருக்கும். லைப்ரரிகளை இறக்கும் கருவியான பிப்பில் “பிப் ஃப்ரீஸ்” தரும் லைப்ரரிப் பட்டியலையும் பதிப்பு எண் கோப்பையும் கொடுங்கள். வென்வை அங்கேயே புதிதாகக் கட்டிக்கொள்ளட்டும்.